பிள்ளைகளை அழைத்துச் சென்ற பின் வரும் ஆறு வாரங்கள்

நோர்வேயில் வாழும் ஒரு தாய் எழுதியிருக்கும் கடிதத்தைச் சுருக்கி முதலில் தருகிறேன்.

"எங்கள் மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு நான்கு வயது. அப்பா தன்னை அகப்பைக் காம்பால் அடித்தார் என்று மகள் சென்ற வாரம் பாடசாலையில் ஆசிரியையிடம் சொல்லியிருக்கிறாள். அன்றே அவளை ஓர் இடத்துக்குக் கொண்டுபோய் விசாரித்திருக்கிறார்கள். மாலைக்குள் மகனையும் பாலர் பள்ளியிலிருந்தே அழைத்துச் சென்றுவிட்டார்கள். இருவரும் எங்கே இருக்கிறார்கள் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. வாரத்துக்கு ஒரு மணி நேரம், ஒரு உத்தியோகத்தர் முன்னிலையில், நோர்வேஜிய மொழியில் மட்டும் பேசிச் சந்திக்கலாம் என்கிறார்கள். மகனுக்கு அந்த மொழி அரைகுறை. கணவர் சில தடவை அடித்தது உண்மை, நான் தடுக்கவில்லை. எல்லாவற்றையும் மறுத்துவிடுங்கள் என்று சில உறவினர் சொல்கிறார்கள். பிள்ளைகள் கைக்கு வந்ததும் இலங்கைக்கு அனுப்பிவிடச் சொல்கிறார்கள் வேறு சிலர். முகநூலில் படத்தைப் போட்டு நீதி கேளுங்கள் என்பவர்களும் உண்டு. நாங்கள் வெளிநாட்டவர் என்பதால்தானே இப்படிச் செய்தார்கள்? நாங்கள் இப்போது என்ன செய்ய வேண்டும்?"

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் உறங்காமல் எழுதிய கடிதம் என்பது அதன் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. இத்தகைய வழக்குகளில் பெற்றோருக்காக வாதாடும் சட்டத்தரணி என்ற முறையில் உங்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்ல விரும்புகிறேன். உங்கள் வழக்கில் உங்களுக்கு எதிராக நிற்கும் மிகப் பெரிய சக்தி காலம். பிள்ளைகள் பிரிந்திருக்கும் ஒவ்வொரு மாதமும் அவர்கள் வேறொரு வீட்டுக்குப் பழகிக்கொள்கிறார்கள். அந்தப் பழக்கமே பின்னாளில், அவர்களைத் திருப்பி அனுப்பக்கூடாது என்பதற்கான வாதமாக மாறிவிடுகிறது. ஆகவே கோபத்துக்கும் அவமானத்துக்கும் செலவழிக்கும் வலிமை முழுவதையும் இரண்டு காரியங்களுக்குத் திருப்புங்கள்: பிள்ளைகளோடு உள்ள தொடர்பு அறுந்துபோகாமல் காப்பது, வீட்டில் மாற வேண்டியதை இன்றே மாற்றத் தொடங்குவது. நான் கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டிலிருந்தும் வருவதுதான்.

பார்னவார்ன என்று நம்மவர் அழைக்கும் சிறுவர் நலச் சேவை உங்கள் விடயத்தில் எடுத்திருப்பது அவசரத் தீர்மானம். பிள்ளை வீட்டில் தொடர்ந்து இருந்தால் கணிசமான தீங்கு நேரும் என்ற ஆபத்து இருப்பதாகக் கருதினால், நீதிமன்றத்தைக் கேட்காமலேயே அச்சேவையின் தலைவர் இதை எடுக்கலாம். ஆனால் அது இறுதி முடிவு அல்ல. சட்டம் அதற்குக் குறுகிய ஆயுளையே கொடுத்திருக்கிறது. தீர்மானம் உடனடியாக, இத்தகைய வழக்குகளை நீதிமன்றம் போல விசாரித்து முடிவு செய்யும் சிறுவர் நல மற்றும் சுகாதார நடுவர் சபைக்கு அனுப்பப்பட வேண்டும்; அச்சபை, இயன்றவரை 48 மணி நேரத்துக்குள், அதற்குச் சட்ட அடிப்படை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீங்கள் முறைப்பாடு செய்தால், அது சபைக்குக் கிடைத்த ஒரு வாரத்துக்குள் தீர்க்கப்பட வேண்டும். பிள்ளைகளை நீண்ட காலத்துக்கு வைத்திருக்கச் சேவை விரும்பினால், பராமரிப்புப் பொறுப்பைக் கையேற்பதற்கான விண்ணப்பத்தை ஆறு வாரங்களுக்குள் சபைக்கு அனுப்ப வேண்டும். அனுப்பத் தவறினால் அவசரத் தீர்மானம் தானாகவே செயலிழந்துவிடும். அந்த ஆறு வாரங்களில் ஒரு வாரம் ஏற்கெனவே போய்விட்டது.

இன்றைக்குள் செய்ய வேண்டியது ஒரு சட்டத்தரணியைப் பிடிப்பது. உங்களிடம் பணம் இருக்கிறதா என்பது இங்கே கேள்வியே இல்லை. நடுவர் சபைக்கு முன் வரும் இத்தகைய வழக்குகளில், வருமானத்தைப் பார்க்காமலே பெற்றோருக்கான சட்டத்தரணியின் செலவை அரசு ஏற்கிறது. சபை யாரையாவது நியமிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். சிறுவர் நல வழக்குகளைத் தொடர்ந்து நடத்துபவர் யார் என்று விசாரித்து, அவரையே நியமிக்கும்படி கேளுங்கள். வீடு வாங்க உதவியவர், குடிவரவு வழக்கில் வாதாடியவர் என்பதற்காக ஒருவரை இந்த வழக்குக்கும் எடுப்பது நம்மவரிடையே அடிக்கடி நடக்கிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இன்னொன்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது. அடித்தவர் உங்கள் கணவர், தடுக்காதவர் நீங்கள். இந்த இருவரின் நலனும் வழக்கின் ஏதோ ஒரு கட்டத்தில் வேறுபடக்கூடும். ஆகவே இருவருக்கும் தனித்தனிச் சட்டத்தரணி வேண்டுமா என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அது கணவரைக் கைவிடுவது ஆகாது.

இனி, எல்லாவற்றையும் மறுத்துவிடலாமா என்ற கேள்வி. இங்கே இரண்டு வழக்குகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன என்பதை உங்களுக்கு யாரும் விளக்கியதாகத் தெரியவில்லை. ஒன்று பொலிஸ் வழக்கு. உங்கள் மகளை விசாரித்த இடம் பெரும்பாலும் பார்னஹூஸ் எனப்படும் சிறுவர் விசாரணை இல்லமாக இருக்கும், அவள் சொன்னது ஒளிப்பதிவாகப் பொலிசாரிடம் இருக்கும். மற்றது சிறுவர் நல வழக்கு. பொலிஸ் வழக்கில் உங்கள் கணவர் சந்தேக நபர். தனக்கு எதிராகப் பேசாமல் இருக்கவும், சட்டத்தரணி அருகில் இருக்கும்போது மட்டும் பேசவும் அவருக்கு உரிமை உண்டு. சிறுவர் நலச் சேவையிடம் சொல்லும் வார்த்தைகள் பொலிஸ் வழக்குக்குள் போய்ச் சேரக்கூடும் என்பதால், எதை, எப்போது, யாரிடம் சொல்வது என்பதை முதலில் சட்டத்தரணியோடு பேசி முடிவு செய்யுங்கள்.

ஆனால் மௌனம் காக்கும் உரிமை வேறு, பொய் சொல்வது வேறு. மகள் பொய் சொன்னாள் என்று நீங்கள் இருவரும் சொன்னால் என்ன நடக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். எட்டு வயதுப் பிள்ளையின் வாக்குமூலம் ஒளிப்பதிவில் இருக்கிறது. பாடசாலையின் குறிப்பு இருக்கிறது. ஒருவேளை மருத்துவரின் குறிப்பும் இருக்கலாம். அவற்றுக்கு எதிரே உங்கள் மறுப்பு நின்றால், பிள்ளை சொன்னதை ஏற்காத பெற்றோரிடம் அவளைத் திருப்பி அனுப்பினால் அவள் தண்டிக்கப்படுவாள் என்றுதான் சபை முடிவு செய்யும். அந்த முடிவை நான் குறை சொல்லவும் மாட்டேன். நடந்ததை ஏற்று, அது பிள்ளைக்கு என்ன செய்தது என்பதை உணர்ந்து, இனி நடக்காது என்பதற்குச் சான்று காட்டும் பெற்றோருக்குத்தான் வழி திறக்கிறது. குற்றவியல் வழக்கில் அதற்கு ஒரு விலை இருக்கலாம். அந்த விலையையும் பிள்ளைகளைத் திரும்பப் பெறும் வாய்ப்பையும் ஒப்பிட்டு நிறுத்துப் பார்த்து ஆலோசனை சொல்வது உங்கள் சட்டத்தரணிகளின் வேலை. அவர்கள் அதைச் செய்யாவிட்டால் கேட்டுப் பெறுங்கள்.

அடி குறித்து நேராகச் சொல்ல வேண்டும். நோர்வேயில் பிள்ளையைக் கண்டிக்க அடிக்கலாம் என்றிருந்த பெற்றோரின் பழைய சட்ட உரிமை 1972இல் நீக்கப்பட்டது; 1987இல் உடல் தண்டனை வெளிப்படையாகத் தடை செய்யப்பட்டது; இலேசான அடியும் அச்சுறுத்தலும்கூட இந்தத் தடைக்குள் அடங்கும் என்று 2010இல் சட்டம் மேலும் தெளிவாக்கப்பட்டது. இது வெளிநாட்டவருக்காக எழுதப்பட்ட சட்டம் அல்ல. அயலில் முதலாவதாக 1979இல் சுவீடன் இதே தடையைக் கொண்டுவந்தபோது அங்கு அடித்துக்கொண்டிருந்தவர்கள் சுவீடன்காரர்கள்தான். நம்மில் பலர் அடிவாங்கி வளர்ந்தோம், அடித்தவர்கள் நம்மை நேசித்தவர்கள். அந்த நேசத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அகப்பைக் காம்பு விழுந்த இடத்தில் உங்கள் மகளுக்கு வலித்தது என்பதும், அந்த வலியைச் சொல்ல அவளுக்கு வீட்டுக்கு வெளியே ஒருவர் தேவைப்பட்டார் என்பதும் உண்மை. அவள் குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கவில்லை, உதவி கேட்டாள். இதை நீங்கள் மனதார ஏற்காமல், அதிகாரிகளுக்காக மட்டும் ஒப்புக்குச் சொன்னால், சந்திப்பு அறையில் அவள் அதை முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

உங்கள் கணவர் இந்த வாரமே ஓர் இடத்துக்குப் போக வேண்டும். வன்முறையைப் பயன்படுத்தியவர்களுக்குச் சிகிச்சை அளிக்கவென 1987இல் ஒஸ்லோவில் தொடங்கப்பட்ட 'அல்த்தர்னாதீவ் தில் வோல்' என்ற நிறுவனத்துக்கு இன்று பல ஊர்களில் கிளைகள் உள்ளன. அது எட்டாத தூரத்தில் இருந்தால் குடும்ப ஆலோசனை நிலையம் இருக்கிறது. அது இலவசம், மருத்துவரின் கடிதமும் தேவையில்லை. பெற்றோருக்கான வழிகாட்டல் வகுப்புகளை, சில இடங்களில் அவரவர் மொழியிலேயே, உங்கள் கொம்யூன, அதாவது உள்ளூராட்சி மன்றம், நடத்துகிறதா என்று கேளுங்கள். சேவை சொல்லும் வரை காத்திருந்து போனவருக்கும், தானாகவே போனவருக்கும் சபையின் கண்ணில் பெரிய வேறுபாடு உண்டு. நீங்களும் போங்கள், தடுக்காமல் நின்றது ஏன் என்பதற்கு உங்களிடம் ஒரு பதில் இருக்க வேண்டும், அந்தப் பதிலை நீங்கள் தனியாக இருந்து கண்டுபிடிப்பது கடினம்.

நாங்கள் வெளிநாட்டவர் என்பதால்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். பிள்ளை அடியைப் பற்றிச் சொன்னால், அவள் பெற்றோர் எந்த நாட்டவர் என்றாலும் நோர்வேயில் விசாரணை தொடங்கும். அந்த அளவில் பதில், இல்லை. ஆனால் விசாரணை தொடங்கிய பிறகு ஒரு குடும்பம் எப்படிப் புரிந்துகொள்ளப்படுகிறது என்பதில் அந்நியராக இருப்பதற்கு விலை உண்டு. மொழி தடுமாறுபவர் ஒத்துழைக்காதவர் என்று எழுதப்படுகிறார். அதிகாரிக்கு முன் பார்வையைத் தாழ்த்தி இருப்பவர் உணர்ச்சியற்றவர் என்று எழுதப்படுகிறார். உதவிக்கு வரக்கூடிய பாட்டியும் மாமாவும் கடலுக்கு அப்பால் இருக்கிறார்கள். இவற்றைக் கற்பனை என்று ஒதுக்கும் உத்தியோகத்தரோடும் எனக்கு உடன்பாடு இல்லை, எல்லாமே இனவெறி என்று முடித்துவிடும் நம்மவரோடும் உடன்பாடு இல்லை. இரண்டு நிலைப்பாடுகளாலும் உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரச் சந்திப்புகூடக் கூடுதலாகக் கிடைக்கப்போவதில்லை.

நோர்வேயின் நடைமுறையில் குறை இருந்தது என்பதை அந்நாட்டுக்கு வெளியே ஒரு நீதிமன்றமே சொல்லியிருக்கிறது, அது உங்களுக்குப் பயன்படக்கூடியது. ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் பெருமன்றம் 2019 செப்டெம்பர் 10 அன்று வழங்கிய தீர்ப்பில், பிறந்த சில வாரங்களிலேயே எடுக்கப்பட்டுப் பின்னர் தாயின் விருப்பத்துக்கு மாறாகத் தத்துக் கொடுக்கப்பட்ட ஒரு குழந்தையின் வழக்கில், நோர்வே குடும்ப வாழ்வுக்கான உரிமையை மீறியது என்று 13க்கு 4 என்ற பெரும்பான்மையில் முடிவு செய்தது. அந்தத் தாய் நோர்வேக்காரர். சந்திப்புகள் மிகக் குறைவாக வைக்கப்பட்டதால் தாயின் திறனைப் பற்றிச் சேர்ந்த சான்றே குறைவு என்பது அந்தத் தீர்ப்பின் முக்கியக் கண்டனங்களில் ஒன்று. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2021 டிசெம்பர் 10 அன்று, சோமாலியாவிலிருந்து அகதியாக வந்த ஒரு முஸ்லிம் தாயின் வழக்கில் அதே பெருமன்றம் ஒருமனதாக நோர்வேக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவருடைய மகன் கிறிஸ்தவ வளர்ப்புக் குடும்பத்தில் வைக்கப்பட்டு, பின்னர் அவர்களுக்கே தத்துக் கொடுக்கப்பட்டிருந்தான். பிள்ளை தன் பண்பாட்டோடும் மதத்தோடும் தொடர்பைத் தக்கவைக்கும்படி நேரடித் தொடர்பைக் காப்பதில் தாய்க்கு இருந்த அக்கறைக்கு உரிய எடை தரப்படவில்லை என்பதே அங்கு குறை. இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையில், 2020 மார்ச்சில், நோர்வேயின் உச்ச நீதிமன்றமே மூன்று வழக்குகளை ஒன்றாக எடுத்து, பிரிப்பு என்பது தற்காலிகமானது, குடும்பத்தை மீண்டும் சேர்ப்பதே தொடக்க இலக்கு என்று வலியுறுத்தியது. 2023 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சிறுவர் நலச் சட்டமும் பிள்ளையின் இன, பண்பாட்டு, மொழி, மதப் பின்னணியைச் சேவை தன் வேலையின் எல்லாக் கட்டங்களிலும் கருத்தில் எடுக்க வேண்டும் என்கிறது.

இத்தீர்ப்புகளைப் படித்துவிட்டு ஐரோப்பிய நீதிமன்றம் பிள்ளைகளை மீட்டுத் தந்துவிடும் என்று நம்பாதீர்கள். மேற்சொன்ன வழக்குகளில் தீர்ப்பு வரும்போது பிள்ளைகள் வளர்ந்து வேறொரு குடும்பத்தில் வேரூன்றியிருந்தார்கள். சோமாலியத் தாய், மகனைத் திருப்பிக் கேட்கவே இல்லை, தத்துக் கொடுப்பதை மட்டுமே எதிர்த்தார். அந்தத் தீர்ப்புகளின் பயன் உங்களுக்கு இன்றைக்குத்தான்: வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதாது என்றும், தமிழில் பேச விட வேண்டும் என்றும் உங்கள் சட்டத்தரணி எழுதும் கடிதத்துக்கு அவை முதுகெலும்பாக நிற்கும்.

சந்திப்புக்கு வருகிறேன், உங்கள் வழக்கின் மையம் அதுதான். மொழிக் கட்டுப்பாட்டை எழுத்தில் எதிர்த்துக் கேளுங்கள். உங்களையும் பிள்ளைகளையும் கவனிப்பவருக்குத் தமிழ் புரியவில்லை என்றால் அதற்குத் தீர்வு உரைபெயர்ப்பாளரை வரவழைப்பது; நான்கு வயதுப் பிள்ளையைத் தாயோடு அரைகுறை மொழியில் பேச வைப்பது தீர்வு ஆகாது. 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள உரைபெயர்ப்பாளர் சட்டம், சட்டப் பாதுகாப்புக்குத் தேவையான இடங்களில் தகுதியுள்ள உரைபெயர்ப்பாளரைப் பயன்படுத்தும் கடமையை அரச அமைப்புகள் மீது சுமத்துகிறது. பிள்ளைகளை உரைபெயர்க்கப் பயன்படுத்துவதையும் அது தடுக்கிறது. ஆகவே, தம்பிக்கு அக்கா மொழிபெயர்க்கட்டும் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். வரும் உரைபெயர்ப்பாளர் ஊரில் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்து சங்கடமாக இருந்தால், வேறொருவரைக் கேட்கவும், தொலைபேசி வழியாக வேறு நகரத்திலிருந்து ஒருவரைக் கேட்கவும் தயங்க வேண்டாம். நம் சமூகம் சிறியது. இந்த வெட்கத்தால் வாய் திறக்காமல் இருந்துவிட்ட பெற்றோர் பலர்.

அந்த ஒரு மணி நேரத்தில் மகளிடம் ஏன் சொன்னாய் என்று கேட்காதீர்கள், பார்வையால்கூடக் கேட்காதீர்கள். அவள் அந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டுதான் அறைக்குள் வருவாள். அவள் சொன்னது சரி, அப்பா செய்தது பிழை, அதைச் சரிசெய்வது பெரியவர்களின் வேலை என்ற வாக்கியத்தை எந்த வடிவில் சொல்லலாம் என்று சட்டத்தரணியிடம் கேட்டு, அனுமதி இருந்தால் சொல்லுங்கள். அவள் தோளிலிருந்து அது இறக்கும் சுமை பெரிது. நாளைக்கே வீட்டுக்குக் கூட்டிப் போவேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பிரியும்போது கண்ணீர் வந்தால் அது குற்றம் அல்ல, ஆனால் பிள்ளை உங்களைத் தேற்றும் நிலை வரக்கூடாது. மகனுக்குப் பிடித்த கதைப் புத்தகம், வழக்கமாகப் பாடும் பாட்டு, அவன் வீட்டில் கட்டிக்கொண்டு தூங்கிய பொம்மை என்று அவனுக்குப் பழகிய எதையாவது கொண்டு போங்கள். உணவு கொண்டு போவதானால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை விளையாட்டைத் தொடங்கினால் அதன் பின்னால் போங்கள். கவனிப்பவர் எழுதும் குறிப்பில் இடம்பெறுவது இவைதான்: பிள்ளையின் சைகைக்குப் பெற்றோர் பதில் தந்தாரா, பிள்ளை சோர்ந்தபோது கண்டுகொண்டாரா, இரண்டு பிள்ளைகளுக்கும் இடம் கொடுத்தாரா.

ஒவ்வொரு சந்திப்பும் முடிந்த அன்றிரவே நீங்களும் எழுதுங்கள். திகதி, நேரம், யார் இருந்தார், பிள்ளைகள் என்ன சொன்னார்கள், என்ன விளையாடினார்கள், சந்திப்பு ரத்தானால் யார் ரத்து செய்தார், என்ன காரணம் சொன்னார். உங்கள் கோப்பைப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கவனிப்பாளரின் குறிப்பைக் கேட்டுப் பெற்று, பிழை இருந்தால் ஆத்திரப்படாமல், இன்ன திகதிக் குறிப்பில் இன்ன வரி தவறு, நடந்தது இதுதான் என்று திருத்தம் எழுதி, அதைக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். மாதங்கள் கழித்து சபை முன் அமரும்போது, உங்கள் நினைவுக்கும் அவர்களின் தாளுக்கும் இடையிலான போட்டியில் தாள்தான் வெல்லும்; ஆகவே உங்களிடமும் தாள் இருக்கட்டும். உத்தியோகத்தர்களின் நடத்தை பற்றி, உதாரணமாக உரைபெயர்ப்பாளரை மறுத்தது பற்றி, மாவட்ட ஆளுநர் அலுவலகத்துக்கும் முறையிடலாம். பிள்ளைகளைத் திருப்பித் தரும் அதிகாரம் அதற்கு இல்லை, சேவையைக் கண்காணிக்கும் அதிகாரம் உண்டு.

உறவினர் பற்றி இப்போதே யோசியுங்கள். பிள்ளைகள் சிறிது காலம் வீட்டுக்கு வெளியே இருந்தாக வேண்டும் என்று வந்தால், பிள்ளையின் குடும்பத்திலோ நெருங்கிய வட்டத்திலோ பொருத்தமானவர் உண்டா என்று சேவை முதலில் பார்க்க வேண்டும் என்பது சட்டம். நோர்வேயில் உங்கள் தங்கையோ, கணவரின் அண்ணன் குடும்பமோ, பிள்ளைகள் நன்கு அறிந்த நண்பர் குடும்பமோ இருந்தால் பெயர்களைக் கொடுத்து, குடும்பக் கூட்டம் ஒன்றைக் கூட்டும்படி கேளுங்கள். அப்படி முன்வருபவர், அடித்தது பெரிய விடயமே இல்லை என்று பேசுபவராக இருக்கக்கூடாது. அந்த ஒரு வாக்கியம் அவரைத் தகுதியற்றவராக்கிவிடும். இரண்டு பிள்ளைகளும் இப்போது ஒரே வீட்டில் இருக்கிறார்களா என்று உடனே கேளுங்கள். இல்லையென்றால், சேர்த்து வைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். நான்கு வயதுத் தம்பிக்குத் தமிழ் பேச அந்த வீட்டில் இருக்கும் ஒரே ஆள் அவனுடைய அக்காவாக இருக்கலாம்.

பிள்ளைகளை இலங்கைக்கு அனுப்பும் யோசனையை முழுவதுமாகக் கைவிடுங்கள், வீட்டில் பேசவும் வேண்டாம், வட்ஸ்அப்பில் எழுதவும் வேண்டாம். அவசரத் தீர்மானம் நடைமுறையில் இருக்கும்போது பிள்ளையை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவது சட்டவிரோதம், பராமரிப்பிலிருந்து பிள்ளையை மறைப்பது தண்டனைக்குரிய குற்றம். நாடுகளுக்கிடையில் கடத்தப்படும் பிள்ளைகள் பற்றிய 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இலங்கையும் நோர்வேயும் இணைந்திருக்கின்றன என்பதையும் யோசனை சொன்னவர்களுக்குத் தெரிவியுங்கள். அதைவிட முக்கியமானது, தப்பிப் போகும் எண்ணம் இருப்பதாக ஒரு சந்தேகம் எழுந்தாலே சந்திப்புகள் குறையும், முகவரி மறைக்கப்படும், இரண்டு பேர் காவல் நிற்கும் அறையில்தான் பிள்ளையைக் காண முடியும். இந்த யோசனையைச் சொல்பவர்கள் உங்கள் மீது அன்புள்ளவர்கள்தான். ஆனால் விளைவைச் சுமக்கப்போவது அவர்கள் அல்ல.

முகநூல் விடயத்தில் பலரும் நினைப்பது 2011இல் ஸ்தவாங்கர் நகரில் நடந்த இந்தியத் தம்பதியின் வழக்கை. கையால் ஊட்டுவதும் பிள்ளையோடு ஒரே கட்டிலில் படுப்பதும்தான் அவர்களுடைய பிள்ளைகளை எடுத்ததற்குக் காரணம் என்று அது உலகமெங்கும் பேசப்பட்டது. பண்பாட்டு வேறுபாடு காரணம் அல்ல என்று அந்நகரின் சிறுவர் நல அலுவலகம் மறுத்தது. இரகசியம் காக்கும் கடமையால் அதனால் விவரம் சொல்ல முடியவில்லை. இந்திய அரசு தலையிட்ட பின், 2012 ஏப்ரலில் பிள்ளைகள் தந்தையின் சகோதரரிடம் ஒப்படைக்கப்பட்டு இந்தியாவுக்குப் போனார்கள். பெற்றோரிடம் அல்ல என்பதைக் கவனியுங்கள். தாய் தன் பிள்ளைகளைப் பெற இந்தியாவில் மீண்டும் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. அங்கு குடும்பம் முழுவதும் இந்தியக் குடிமக்கள், அவர்களுக்காகப் பேச ஓர் அரசு இருந்தது. அகதியாக வந்து நோர்வேக் குடியுரிமை பெற்ற நமக்கு அப்படி ஓர் அரசு இல்லை. பிள்ளைகளின் படத்தையும் பெயரையும் நீங்கள் பகிர்ந்தால், பாடசாலையில் மகளின் அந்தரங்கம் பறிபோகும், அவள் சொன்னதற்காக ஊர் முழுவதும் அவளைத் திட்டும், அந்தப் பதிவு அச்சிடப்பட்டுச் சபை முன் வைக்கப்படும். நடைமுறையை மாற்றப் பொதுவெளியில் போராட வேண்டியது அவசியம்தான். அதைச் செய்ய வேண்டியவர்கள் வழக்கு இல்லாதவர்கள், நானும் நம் அமைப்புகளும்.

விண்ணப்பம் சபைக்கு வந்துவிட்டால் விசாரணை நடக்கும். பொதுவாக மூவர் அமர்வார்கள்: தலைமை தாங்கும் ஒரு சட்டவல்லுநர், ஒரு துறைசார் நிபுணர், ஒரு பொதுமகன் அல்லது பொதுமகள். மகளின் கருத்தைக் கேட்க வேண்டும். அவளிடம் பேசி அவள் கருத்தைச் சபைக்குச் சொல்ல ஒரு பேச்சாளர் நியமிக்கப்படலாம். அவளை எதையும் சொல்லச் சொல்லித் தயார்படுத்தாதீர்கள். விசாரணைக்கு மாற்றாக, சபையின் வழிகாட்டலில் இரு தரப்பும் அமர்ந்து பேசும் உரையாடல் முறையும் இருக்கிறது. நடந்ததை ஏற்கும் உங்களைப் போன்றவர்களுக்கு அது பொருந்தக்கூடும், சட்டத்தரணியிடம் கேட்டுப் பாருங்கள். சபையின் முன் நிற்கும் உண்மையான கேள்வி நீங்கள் நல்லவர்களா என்பது அன்று. வீட்டில் உதவி நடவடிக்கைகள் மூலம் பிள்ளைகளைப் பாதுகாப்பாக வைத்திருக்க முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும் என்றால் பொறுப்பைக் கையேற்கச் சட்டம் இடம் தராது. சிறுவர் நலச் சேவையின் வேலையில் பெரும்பகுதி அப்படி வீட்டுக்குள் தரும் உதவிதான். ஆகவே நீங்களே ஒரு திட்டத்தை எழுதிக் கொண்டு போங்கள்: கணவர் சிகிச்சைக்குப் போகும் நாட்கள், தேவையானால் அவர் சிறிது காலம் வேறிடத்தில் தங்குவது, வீட்டுக்கு வழிகாட்டி ஒருவர் வருவதை ஏற்பது, பாடசாலையோடு வாராந்தத் தொடர்பு, உங்களுக்கு உதவ வரும் உறவினரின் பெயர். கணவர் தற்காலிகமாக வெளியே தங்குவதும் பிள்ளைகள் உங்களோடு வீட்டில் இருப்பதும் சேர்ந்த ஏற்பாடு, அவசரத் தீர்மானத்துக்கு எதிரான முறைப்பாட்டிலேயே முன்வைக்கக்கூடியது. அதை இந்த வாரமே உங்கள் சட்டத்தரணியோடு பேசுங்கள். எனக்கு இதில்தான் உங்களுக்கு மிக அருகில் உள்ள வாய்ப்புத் தெரிகிறது.

தீர்மானம் உங்களுக்கு எதிராக வந்தால், அது உங்களுக்கு அறிவிக்கப்பட்டதிலிருந்து ஒரு மாதத்துக்குள் மாவட்ட நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். அங்கும் தோற்றால் மேன்முறையீட்டுக்கு அனுமதி கேட்கலாம், பிற்காலத்தில் நிலைமை மாறியதைக் காட்டித் தீர்மானத்தை நீக்கும்படியும் கேட்கலாம். ஆனால் முந்தைய முடிவிலிருந்து சட்டம் குறிப்பிடும் மாதங்கள் கழியாமல் அந்தக் கோரிக்கையை எழுப்ப முடியாது. இடைப்பட்ட அந்த மாதங்களில் பெற்றோர் சோர்ந்து சந்திப்புகளைத் தவறவிடுவதை நான் கண்டிருக்கிறேன், பின்னர் அதுவே அவர்களுக்கு எதிரான ஆதாரமாக வந்ததையும் கண்டிருக்கிறேன். எத்தனை குறைவான நேரம் தந்தாலும் ஒன்றையும் தவறவிடாதீர்கள், கூடுதல் நேரம் கேட்டு எழுதுவதையும் நிறுத்தாதீர்கள். முறைப்பாட்டுக் கடிதத்தையும், தமிழில் பேச அனுமதி கேட்கும் கடிதத்தையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். முதலாவது தாமதமானாலும் இரண்டாவது அடுத்த சந்திப்புக்கு முன் உத்தியோகத்தர் கையில் இருக்க வேண்டும்.